ஆடித் தள்ளுபடியில் வந்த இன்வெர்ட்டர்

ஆடி 9, வெள்ளி

37.5 என்று சிவப்பாக எரியும் எண் பெட்டியில் இல்லாததைத்தான் முதலில் பார்த்தேன். ஃபேன் நின்றது, அம்மாவின் மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றது, தெருவே ஒரே குரலில் "போச்சு" என்றது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெட்டி என்றால் முட்டை பொரிக்கிற இன்குபேட்டர். முன்பக்கம் கண்ணாடி வைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பை எரியவும் அணையவும் வைக்கிற ஒரு கருவி. நேற்றுக் காலை அதில் அறுபது நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். இருபத்தோரு நாள். ஆடி 29 அன்று பொரிக்க வேண்டும்.

விசாரித்ததில், டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு மயில் உட்கார்ந்து தோகையைச் சரி செய்திருக்கிறது. மயிலும் போய்விட்டது, டிரான்ஸ்பார்மரும் போய்விட்டது. மனிதனாக இருந்தால் இந்நேரம் அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்திருப்பார்கள். முருகனின் வாகனம் என்பதால் மொத்தத் தெருவும் வாயை மூடிக்கொண்டு வியர்க்கிறது.

மூன்று மணி நேரம் பெட்டிக்குக் கம்பளி போர்த்தி, அதன்மேல் அப்பாவின் பொன்னாடையையும் போர்த்தி உட்கார்ந்திருந்தேன். பேருந்து நிலைய விழாவில் அப்பாவுக்குப் போட்டது. முதல்முறையாக அது ஒரு வேலை செய்தது.

ஆடி 10, சனி

புது டிரான்ஸ்பார்மர் வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை பக்கத்துத் தெருவினுடையதிலிருந்து முறை வைத்துத் தருவார்கள். மூன்று மணி நேரம் அவர்களுக்கு, மூன்று மணி நேரம் நமக்கு. அப்பா உடனே ஒரு அட்டையில் நேரம் எழுதிச் சுவரில் மாட்டினார். அவர் தனியார் பேருந்துகளுக்கு டைம் கீப்பர். அவர் விசில் அடித்தால்தான் வண்டி கிளம்பும் என்று அவர் நம்புகிறார். கரண்ட் அந்த அட்டையைப் படிக்கவில்லை. ஓட்டுநர்களும் படிப்பதில்லை என்று அம்மா சொன்னாள்.

போன தடவை நாற்பது முட்டை வைத்து மூன்று குஞ்சு பொரித்தது. அப்போதும் கரண்ட்தான். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார், "இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம். இதுவும் கூமுட்டையாப் போச்சுன்னா சித்தப்பாகூட திருநெல்வேலிக்குக் கெளம்பு." சித்தப்பா அங்கே பெரிய ஜவுளிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறார். தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, ஊதா நிறச் சேலை. வேலை என்னவென்றால் வாசலில் நின்று, முன்பின் பார்த்திராத ஆட்களைப் பார்த்து "வாங்கக்கா, உள்ள வாங்கண்ணே, என்ன பாக்கறீங்க, சேலையா சுடிதாரா" என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கூப்பிடுவது. எனக்கென்றே செய்த வேலை. பால்காரர் எத்தனை லிட்டர் என்று கேட்டால் விரலைக் காட்டுகிறவள் நான்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ரத்தசோகை காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தமிழ் டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளிலிருந்துதான் ரத்தம் குறைய ஆரம்பித்தது.

ஆடி 11, ஞாயிறு

வீட்டில் மாநாடு. தலைப்பு, கரண்ட் போனால் என்ன செய்வது. பேசியவர்கள் அப்பாவும் வெயிலுமுத்து மாமாவும். மாமா அம்மாவின் தம்பி. மைக் செட் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு பழைய ஜெனரேட்டர் இருக்கிறது என்பதையும், அதைத் தள்ளிவிட அவர் ஒரு வருடமாக ஆள் தேடுகிறார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். மாநாட்டில் யாரும் குறிக்கவில்லை.

"அத்தான், இன்வெர்ட்டர்லாம் நோயாளிக்குக் கஞ்சி குடுக்குற மாதிரி. ஜெனரேட்டர்தான் கறிச்சோறு. ஒரு இழுப்பு இழுத்தா ஊரே வெளிச்சம்."

"சத்தம் கேக்குமே மாப்ள?"

"கல்யாண வீட்டுச் சத்தத்த விடவா?"

"இங்க ஏதுய்யா கல்யாணம்?"

"வராமலா போகும்? மருமவ நிக்காள்ல."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுப்பங்கரையில் அவசர வேலை ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

சோலார் பற்றியும் பேசினார்கள். எங்கள் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு வேப்பமரம்தான் குடியிருக்கிறது. ஆகவே சூரியன் தள்ளுபடி.

சாயங்காலம் ஜெனரேட்டர் வந்தது. மாமா அதன் கயிற்றைப் பதினான்கு முறை இழுத்தார். பதினைந்தாவது இழுப்பில் அது கிளம்பியது. புகையில் மாமா மறைந்துபோனார். குரல் மட்டும் வந்தது.

"மொதல்ல ஏதாச்சும் செல்லாத சாமான்ல போட்டுப் பாப்போம். ஏ உலகு, ஒன் கோழிப் பெட்டியக் கொண்டா!"

என் பெயர் உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது. அது மட்டும்தான் நடந்தது. பின்அறைக்குப் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

"என்னட்டி பண்ணுத?" என்று அப்பா கதவைத் தட்டினார்.

"பிள்ள உடுப்பு மாத்துது, சும்மா இருங்க" என்றாள் அம்மா. அம்மாவிடம் நான் அப்படிச் சொல்லவே இல்லை.

காத்துப் பார்த்துவிட்டு டிவியை மாட்டியிருக்கிறார்கள். டப் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு வாசனை.

"சாமான் ரொம்பப் பழசு அத்தான்."

"ஜெனரேட்டரா?"

"ஒங்க டிவி."

ஆடி 12, திங்கள்

டிவி இல்லை. வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எல்லாருக்குமே சிரமமாக இருக்கிறது.

ஆடி 14, புதன்

இன்வெர்ட்டர் என்று முடிவாகிவிட்டது. ஜெனரேட்டர், கயிறு அறுந்த நிலையில் மாமா வீட்டுக்குத் திரும்பியது. எலக்ட்ரீஷியன் தவசிக்கனி அண்ணன் வந்தார்.

"எந்தெந்த பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் இழுக்கணும்னு சொல்லுங்க. எல்லாத்துக்கும் இழுக்க முடியாது. பேட்டரி சீக்கிரம் காலியாயிரும்."

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீட்டில் என் கையெழுத்துத்தான் அழகு. கூடத்து ஃபேன். கூடத்து லைட். டிவி (வரப்போகிற டிவி). அப்பா அறை ஃபேன். வாசல் லைட். சாமி அறை சீரியல் பல்பு. அப்பா போன் சார்ஜர். மாமா வந்தால் அவர் போன் சார்ஜர்.

"அவ்வளவுதானா?" என்றார் தவசிக்கனி அண்ணன். அப்போது அவர் பின்அறைப் பக்கம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அவ்வளவுதான்" என்றார் அப்பா.

தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதில் "பின்அறை பிளக்" என்று எழுதினேன். எழுதியது நானே என்பதால் அடித்ததும் நானே. அழகாகத்தான் அடித்தேன், ஸ்கேல் வைத்து.

ஆடி 15, வியாழன்

ஏழாம் நாள். அறையை இருட்டாக்கி அம்மாவின் போன் டார்ச்சை ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் பிடித்துப் பார்த்தேன். எட்டு முட்டை வெறும் வெளிச்சம், உயிர் இல்லை, எடுத்துவிட்டேன். ஐம்பத்திரண்டில் சிவப்பு நரம்பு ஓடுகிறது. நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"யாத்தி" என்றாள். இன்னும் குனிந்து பார்த்து, "ஒன்ன வயித்துல வச்சிருக்கும்போது கம்ப்யூட்டர்ல இப்படித்தான் காட்டுனாங்க" என்றாள்.

பிறகு குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்று எழுந்து ஓடினாள். அடுப்பில் குழம்பு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆடி 17, சனி

ஒரு தத்துவச் சிக்கல். ஆடியில் இன்வெர்ட்டருக்குப் பெரிய தள்ளுபடி உண்டு. ஆனால் ஆடியில் புதுச் சாமான் வீட்டுக்கு வரக்கூடாது. ஆவணியில் புதுச் சாமான் வரலாம். ஆனால் ஆவணியில் தள்ளுபடி கிடையாது. அப்பா நாள்காட்டித் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் நாள்காட்டியே இரக்கப்பட்டு நாளைக்கு ஆடிப்பெருக்கு என்று காட்டியது. ஆடிதான், ஆனாலும் நல்ல நாள். இப்படி ஒரு சந்து வைத்த முன்னோர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

நாளை மதியம் 3.15லிருந்து 4.15க்குள் நல்ல நேரம். அதற்குள் இன்வெர்ட்டர் வந்து, கனெக்‌ஷன் கொடுத்து, ஓடிவிட வேண்டும். தவசிக்கனி அண்ணன் இரண்டு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார். கூடத்திலிருந்து ஒரு நீள வயர் இழுத்தால் பெட்டி வரைக்கும் எட்டுமா என்று பார்த்தேன். எட்டாது. பெட்டியைத்தான் கூடத்துக்குத் தூக்கி வர வேண்டும்.

ஆடி 18, ஞாயிறு

தவசிக்கனி அண்ணன் இரண்டு மணிக்கு வந்து மூன்று டீ குடித்தார். கடை வண்டி 4.40க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை 4.30க்கு ராகு காலம் ஆரம்பம்.

"பத்து நிமிசம் லேட்டுண்ணே. ரெண்டு முறுக்கு முறுக்கிட்டுப் போயிர்றேன்" என்றார் தவசிக்கனி அண்ணன்.

"பத்து நிமிசம் பிந்தின வண்டிய நான் ஸ்டாண்டுக்குள்ளயே விட மாட்டேன்" என்றார் அப்பா.

"அப்ப ஆறு மணிக்கு மேல?"

"ஆறு மணிக்கு மேல பெருக்கு முடிஞ்சிரும். வெறும் ஆடிதான். ஆவணி நாலாந்தேதி நல்ல முகூர்த்தம் இருக்கு, அன்னைக்கு வா."

"பேட்டரிய அவ்வளவு நாள் சும்மா போடக்கூடாதுண்ணே. சார்ஜ் எறங்கும்."

"எறங்குனா ஏத்திக்கிடலாம். நேரம் எறங்குனா ஏத்த முடியுமாய்யா?"

தவசிக்கனி அண்ணன் நாலாவது டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஆடி 29 முதலில் வரும், ஆவணி 4 பிறகுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்பே போதும். அப்பாவிடம் சொல்ல எத்தனை வகுப்பு வேண்டும் என்று தெரியவில்லை.

ஆடி 19, திங்கள்

பேட்டரி கூடத்தின் நடுவில் இருக்கிறது. இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். யாரும் தூக்கவில்லை. நல்ல நேரம் வரை அது எங்கே இறங்கியதோ அங்கேயே இருக்க வேண்டுமாம். சந்தனம், குங்குமம் வைத்து, திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறார் அப்பா. ஏற்கெனவே ஆசிட் இருக்கிற பொருளுக்கு எலுமிச்சம்பழம்.

நாங்கள் அதைச் சுற்றி விசிறி மட்டையால் வீசிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆடி 21, புதன்

கரண்ட் இல்லாத நேரமெல்லாம் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இன்றைக்கு மட்டும் இருபது தடவை. கூடத்தில் புது இன்வெர்ட்டர் அட்டைப்பெட்டிக்குள் நன்றாகத் தூங்குகிறது.

ஆடி 23, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மா பேட்டரிக்கும் ஒரு முழம் பூ வைத்தாள். கேலிக்கா பக்திக்கா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா வந்து, நாற்காலி தூரத்தில் இருந்ததால், அதன்மேலேயே உட்கார்ந்து கூழ் குடித்தார். பூவும் போச்சு, வேட்டியில் குங்குமமும் ஆச்சு.

ஆடி 24, சனி

இன்வெர்ட்டரோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். வீட்டில் வேறு யாரும் பிரிக்கவில்லை. தமிழிலும் இருக்கிறது. சிவப்பு வயர் பிளஸ்ஸுக்கு, கறுப்பு வயர் மைனஸ்ஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் உள்ளே கருகிவிடும். பின்பக்கம் ஒரு பிளக் ஓட்டை இருக்கிறது. வீட்டு வயரிங்கைத் தொடாமலே அதில் ஒரு சாமானை நேராக மாட்டிக்கொள்ளலாம். பல்புகள் விட்டுவிட்டு எரிவதால் என் பெட்டி ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான் கரண்ட் குடிக்கிறது. இந்த பேட்டரிக்கு அது ஒரு முழு நாளுக்குமேல் தாங்கும்.

"என்னட்டி இப்படி உத்துப் பாத்துப் படிக்க?" என்றாள் அம்மா.

"சும்மாதான்."

"பள்ளிக்கூடத்துல சும்மா படிச்சிருந்தியன்னா" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். பிறகு அவளே, "அன்னைக்கு டீச்சர் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தைத் திருப்பினேன். உத்தரவாத அட்டை வந்தது. அதையும் படித்தேன்.

ஆடி 26, திங்கள்

பதினெட்டாம் நாள். இனிமேல் முட்டையைப் புரட்டக் கூடாது, வெந்நீர் பாட்டில் மாற்றுவதற்குத் தவிரப் பெட்டியைத் திறக்கவும் கூடாது. குஞ்சு தலையைத் திருப்பித் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நேரம்.

முட்டை கொடுத்த லூர்தம்மா அக்கா வந்தார். ஊருக்கு மேற்கே நூறு கோழி வைத்திருக்கிறார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள பேசிக்கிடுது. கேக்குதா? பொரிச்ச ஒடனே சொல்லுத்தா. நல்லா வந்துச்சுன்னா இனி வாராவாரம் முட்டைய ஒங்கிட்டத்தான் கொண்டாருவேன். என் கோழி ஒண்ணுகூட இந்த ஆடிக்காத்துல அடைக்கு உக்கார மாட்டேங்குது."

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சரின்னு சொன்னா முத்து உதிர்ந்திருமோ?" என்று சிரித்தார். டீச்சர் சிரித்த மாதிரி இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

அவர் போன பிறகு அப்பா சொன்னார், "வெள்ளிக்கிழம ஒன் சித்தப்பன் வாரான். எதுக்கும் துணிமணிய எடுத்து வச்சுக்கோ." அப்பா எப்போதும் எதையும் நேரத்துக்கு முன்னால் செய்கிறவர்.

ஆடி 28, புதன்

இரண்டு முட்டையில் விரிசல்.

ஆடி 29, வியாழன்

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. அட்டைப்படி ஒரு மணிக்கு வர வேண்டும். வெந்நீர் பாட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஏழு குஞ்சு வெளியே வந்து ஈரமாகக் கிடந்தன. இருபதுக்கு மேற்பட்ட முட்டைகளில் குஞ்சுகள் உள்ளிருந்து மூக்கால் ஓட்டை போட்டிருந்தன. ஒரு மணி ஆனது. வரவில்லை. ஒன்றரைக்கு அம்மா தெருவில் போய்க் கேட்டு வந்தாள். இரவல் கொடுத்த டிரான்ஸ்பார்மரும் பாரம் தாங்காமல் போய்விட்டதாம். ராத்திரிக்குள் வந்தால் உண்டாம். அதே நேரத்தில் கேஸும் தீர்ந்தது. நல்ல காரியங்கள் சேர்ந்துதான் வரும்.

பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி வெப்பமானியில் சூடு முப்பத்து நான்குக்கு இறங்கியது. காதை வைத்துக் கேட்டேன். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் பாதிதான் இருந்தது.

அப்பாவின் சைக்கிள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அட்டைப்பெட்டியைக் கிழித்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். என்னட்டி என்று கேட்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, பேட்டரி மேலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

சிவப்பு பிளஸ்ஸுக்கு. கறுப்பு மைனஸ்ஸுக்கு. கறுப்பை முறுக்கும்போது ஒரு பொறி பறந்தது. அம்மா "முருகா" என்றாள். மயிலை அனுப்பியவரையே கூப்பிடுகிறாளே என்று தோன்றியது. பேட்டரி நகராது, ஆகையால் பெட்டிதான் நகர வேண்டும். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சுக்கூட விடாமல், பின்அறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வந்து டிவி இருந்த மேசையில் வைத்தோம். மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது.

மணி ஒன்றே முக்கால்.

இரண்டேகாலுக்கு அப்பா சாப்பிட வந்தார். கூடவே மாமா. இருவரும் கூடத்தின் நடுவில் நின்றார்கள். பெட்டிக்குள் கண்ணாடி வழியாகப் பதினோரு குஞ்சு அவர்களைப் பார்த்துக் கத்தின.

"யாரு கனெக்‌ஷன் குடுத்தது?" என்றார் அப்பா.

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். "நாந்தான்" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

ஒரு மணிக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்போது நேரம் நன்றாகத்தான் இருந்தது. "ஒண்ணே முக்காலுக்கு" என்றேன்.

அப்பா நாள்காட்டியைப் பார்க்கவில்லை. அவருக்கு மனப்பாடம். "வியாழக்கிழம ஒண்ணரைக்கு ராகு காலம். அதுவும் ஆடியில."

"துர்க்கைக்கு ராகு காலத்துலதான வெளக்குப் போடுதோம்? எலுமிச்சம்பழம்கூட இருந்துச்சு" என்றாள் அம்மா. பழம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அப்பா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். ஒரு முட்டை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. ஓடு இரண்டாகப் பிளந்தது. அப்பா நெடுநேரம் நிமிரவில்லை. பேருந்து கிளம்பும்போதுகூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"பன்னெண்டு" என்றார். பிறகு, "நாளைக்கு வரவேண்டாம்னு ஒன் சித்தப்பனுக்குச் சொல்லிருதேன். சும்மா வந்து போனா அவனுக்கும் லீவு வீணு."

"அதெல்லாம் சரி அத்தான், அதான் ஓடுதுல்லா?" என்று மாமா சட்டைப் பித்தானைக் கழற்றினார். "ஏ மருமவளே, அந்த டேபிள் ஃபேனையும் இதுல சொருவு. வேத்து ஊத்துது."

அப்பாவும் என்னைப் பார்த்தார். அவருக்கும் வேர்த்திருந்தது.

"முடியாது மாமா. கடைசிக் குஞ்சு வார வரைக்கும் இதுல வேற எதையும் மாட்டக் கூடாது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

இந்த வருடம் இந்த வீட்டில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு இதுதான். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா விசிறி மட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

நான் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போய் லூர்தம்மா அக்கா எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. வைத்துவிடாமல், அவர் எடுக்கும் வரை காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.